தூது போகும் நொதி

வணக்கம் நேயர்களே. மூட்டையில் ஒரே ஒரு உருளைக்கிழங்கு அழுகியிருந்தாலும் நாற்றம் காட்டிக்கொடுத்துவிடும். அதைக் கையில் எடுத்துப் பார்த்தால் தோல் அநேகமாக அப்படியே இருக்கும். விரலால் அழுத்தினால் உள்ளே வெறும் கூழ். மென்னழுகல் நோய் என்பார்கள். டிக்கியா, பெக்டோபாக்டீரியம் போன்ற பாக்டீரியாக்களின் கைவரிசை.

செடியின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைப்பது பெக்டின். ஜாம் கெட்டிப்படுவதும் அதனால்தான். இந்த பாக்டீரியாக்கள் பெக்டினை உடைக்கும் நொதிகளைச் சுரந்து வெளியே அனுப்புகின்றன. நொதி என்பதும் புரதம்தான். சரி, இது பலருக்கும் தெரிந்த கதை.

எனக்குப் பிடித்தது இதற்கு அடுத்த கட்டம். டிக்கியாவிடமிருந்து எப்போதும் கொஞ்சம் நொதி கசிந்துகொண்டே இருக்கும். ஆழம் பார்க்க என்று வைத்துக்கொள்ளுங்களேன். அருகில் பெக்டின் இருந்தால் அது உடையும். துண்டுகள் உணவாக பாக்டீரியாவுக்குள் போகும். அங்கே நொதி மரபணுக்களின் மேல் கேடிஜிஆர் என்றொரு புரதம் பூட்டுப் போல உட்கார்ந்திருக்கிறது. துண்டுகள் செரிக்கும்போது உண்டாகும் ஒரு பொருள் அந்தப் பூட்டைக் கழற்றிவிடுகிறது. அப்புறம் என்ன, நொதி வெள்ளமாகப் பாய்கிறது. முதலில் போன சொட்டு நொதிதான் தூது போய் வந்திருக்கிறது.

பெக்டோபாக்டீரியம் இன்னும் நிதானம். ஒவ்வொன்றும் ஒரு சிறு ரசாயனத்தை வெளியிடும். அது எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை வைத்தே கூட்டம் கூடிவிட்டதா என்று கண்டுகொள்ளும். அதுவரை பெரிய தாக்குதல் இல்லை. அவசரப்பட்டால் ஆபத்து: உடைந்த பெக்டின் துண்டுகளைச் செடியும் மோப்பம் பிடித்து உஷாராகிவிடும்.

நெல்லில் இலைக்கருகலை உண்டாக்கும் சாந்தோமோனாஸ் இன்னொரு ரகம். ஊசி போன்ற குழாய் வழியாகப் புரதத்தைச் செடியின் செல்லுக்குள்ளேயே செலுத்துகிறது. டால் எனப்படும் அந்தப் புரதம் உட்கருவுக்குள் புகுந்து, சர்க்கரையை வெளியேற்றும் மரபணு ஒன்றை முடுக்கிவிடுகிறது. மரபணுவின் பெயர் ஸ்வீட், நான் வைத்ததல்ல! டால் புரதம் டிஎன்ஏவின் எழுத்துகளை எப்படிப் படிக்கிறது என்பது 2009-ல் விளங்கியது.

சில நெல் ரகங்களில் ஒரு ஸ்வீட் மரபணுவின் முன்பகுதியில் எழுத்துகள் மாறியிருக்கின்றன. புரதம் வருகிறது, உட்கார இடமில்லை, நோயும் பிடிப்பதில்லை. ஆனால் வேறொரு ஸ்வீட் மரபணுவைத் திறக்கும் புரதத்தோடு வரும் சாந்தோமோனாஸும் உண்டு. அதனிடம் அதே நெல் பழையபடி கருகுகிறது.