நீறு பூத்த நெருப்பும் வீட்டு முற்றமும்

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம்.

தீ விபத்து என்று சொன்னதும் வானளாவ எழும் பிழம்புதான் நம் மனக்கண்ணில் தோன்றுகிறது. அந்தப் பிழம்பை அடக்கும் வல்லமை நம்மில் பெரும்பாலோருக்குக் கிடையாது. ஆனால் அதற்குச் சில மணி நேரம் முன்பு, சில வேளைகளில் ஓரிரு நாள் முன்பே, யாரும் எட்டிப் பார்க்காத மூலையில் வெளியேற வழியின்றித் தங்கிவிட்ட சூட்டைத் தணிப்பது முழுக்க நம் கையில் இருக்கிறது. அந்தச் சூட்டைப் பற்றிப் பேசவே வந்திருக்கிறேன்.

என் வீட்டில் நடந்ததையே முதலில் சொல்கிறேன். தோட்டத்துச் சருகுகளையும் முறிந்த கிளைகளையும் எரித்த சாம்பலை, மேலாகத் தொட்டுப் பார்த்து ஆறிவிட்டது என்று நம்பி, பிளாஸ்டிக் வாளி ஒன்றில் அள்ளிப் பின்கதவோரம் வைத்துவிட்டேன். மறுநாள் மாலை வாளியின் அடிப்பாகம் உருகித் தரையோடு ஒட்டிக்கிடந்தது. குச்சியால் கிளறினேன், வெள்ளைச் சாம்பலுக்குள்ளிருந்து சுண்டுவிரல் நகமளவு கங்கு ஒன்று, காற்றுப் பட்டதும் சிவந்து கனன்றது. கதவுக்கும் அதற்கும் இடையே ஒரு சாண் தூரம்கூட இல்லை. சாம்பல் சூட்டை எளிதில் கடத்தாது. கங்கைப் போர்வைபோல் மூடி நாட்கணக்கில் காப்பாற்றி வைத்திருக்கும். நீறு பூத்த நெருப்பு என்று நம் முன்னோர் சொன்னது கண்ணால் கண்டு சொன்ன சொல். ஆகவே சாம்பலை நீர் ஊற்றிக் கிளறி, மறுபடியும் நீர் ஊற்றி, மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் இட்டு, வீட்டிலிருந்து குறைந்தது 3 மீட்டர் தள்ளி வைக்க வேண்டும்.

காட்டையோ புல்வெளியையோ ஒட்டி வாழ்பவர்கள் தீ ஒரு சுவரைப்போல நகர்ந்து வந்து வீட்டை விழுங்கும் என்று அஞ்சுகிறார்கள். அமெரிக்க வனத்துறை ஆய்வாளர் ஜாக் கோஹன் பங்கேற்ற களச் சோதனைகளில், மரங்களின் உச்சிவரை எரிந்த காட்டுத்தீக்கு 30 மீட்டர் தொலைவில் நிறுத்தப்பட்டிருந்த மரச்சுவர்கள் பற்றவில்லை. அப்படியானால் வீடுகள் எப்படி எரிகின்றன? ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்துகூடக் காற்றில் பறந்து வரும் தீப்பொறிகள், கூரையோரத் தகட்டில் மக்கிக் கிடக்கும் சருகிலும், வாசல் மிதியடியிலும், சுவரில் சாய்த்து அடுக்கிய விறகிலும் விழுந்து, அங்கே நிதானமாகக் கனியத் தொடங்குகின்றன. எனவே சுவரை ஒட்டிய முதல் 1.5 மீட்டர் அகலத்துக்கு எரியக்கூடிய எதுவுமே இருக்கலாகாது. சரளைக்கல்லோ சிமெண்டுத் தளமோ போதும். விறகு 10 மீட்டருக்கு அப்பால் இருக்கட்டும். புல்லில் ஓடும் தீ மரத்தில் ஏறாதபடி தாழ்ந்த கிளைகளை 2 மீட்டர் உயரம்வரை கழித்துவிடுங்கள். காற்றுத் துவாரங்களுக்கு 3 மில்லிமீட்டர் கண் கொண்ட உலோக வலை அடியுங்கள். இவற்றில் ஒன்றை மட்டுமே செய்ய நேரம் உண்டு என்பவருக்கு, ஏணி வைத்து ஏறிக் கூரையோரச் சருகை அள்ளுங்கள் என்றே நான் சொல்வேன்.

வீட்டுக்குள்ளும் இதே கதைதான். மரச்சாமான்களுக்கு ஆளி விதை எண்ணெய் பூசிய துணியைச் சுருட்டி மூலையில் எறிகிறோம். அந்த எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து இறுகுகையில் வெப்பத்தை உமிழ்கிறது. விரித்துப் போட்ட துணியில் அது கலைந்துபோகும்; சுருட்டிய துணியிலோ உள்ளுக்குள்ளேயே ஏறி ஏறி, தீக்குச்சியே இல்லாமல் துணி பற்றிக்கொள்ளும். வேலை முடிந்ததும் துணிகளைத் திறந்த வெளியில் தனித்தனியாக விரித்துக் காய வைப்பதே சரி.

மின்கம்பியும் அப்படித்தான். ஒரு கம்பியில் ஓடும் மின்னோட்டம் இரு மடங்கானால் அதில் பிறக்கும் சூடு நான்கு மடங்காகும். அந்தக் கம்பியை விரிப்புக்கு அடியில் மறைத்தாலோ சுருளாகவே விட்டுவைத்தாலோ சூடு போக இடமில்லாமல் காப்புறை இளகும். சாக்கெட்டில் தளர்ந்து ஆடும் பிளக் இன்னும் மோசம். ஹீட்டரை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுகையில் சூடு உறைத்தாலோ அதன் ஓரம் பழுப்பேறியிருந்தாலோ, அதை மீண்டும் செருகாமல் மின்பணியாளரை அழைத்துவிடுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் ஏதேனும் ஒரு மூலை நம் கண்ணுக்குத் தப்பும். உறங்குகிறவரைப் புகையின் வாடை எழுப்பிவிடும் என்று நம்ப முடியாது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உறக்கத்தை மயக்கமாக்கிவிடும். அதனால்தான் படுக்கையறைகளிலும் அவற்றுக்கு வெளியேயும் புகை எச்சரிக்கைக் கருவி வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். மாதம் ஒருமுறை அதன் பொத்தானை அழுத்தி ஒலிக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே பொருத்தியிருப்பவர்கள் இன்றிரவு அதைக் கழற்றிப் பின்புறம் அச்சிட்டிருக்கும் தேதியைப் படியுங்கள்; 10 ஆண்டு கடந்திருந்தால், பொத்தானை அழுத்தும்போது ஒலித்தாலும் சரி, புதியதை வாங்கி மாட்டுங்கள்.