பட்டுக்கோட்டைக்கு வழி

(மொரிசியசின் ரோஸ் ஹில்லில், கோவில் மண்டபமொன்றில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, தாய்மார்களே, பின்வரிசையில் கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கையரே, வணக்கம்.

தமிழில் பேச வேண்டும் என்று சங்கத்தார் கேட்டுக்கொண்டார்கள். பேசுகிறேன். உங்களில் பாதிப் பேர் நான் சொல்வதைக் கேட்டு, மனத்துக்குள் கிரியோலில் மாற்றிப் புரிந்துகொள்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். முப்பது ஆண்டு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்தவன் நான். எந்த முகம் புரிந்து தலையாட்டுகிறது, எந்த முகம் மரியாதைக்குத் தலையாட்டுகிறது என்று மேடையிலிருந்தே சொல்லிவிடுவேன். இரண்டுக்கும் நன்றி.

"பட்டுக்கோட்டைக்கு வழி எது என்றால், கொட்டைப்பாக்கு விலை சொல்கிறான்" என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். என் பாட்டி பட்டுக்கோட்டையைப் பார்த்ததில்லை. கரும்புத் தோட்டத்தைத் தாண்டி அவர் போன தூரமே தலைநகர் போர்ட் லூயி வரைதான். ஆனால் தோட்டத்து முதலாளியின் கணக்கப்பிள்ளையிடம் கூலி பாக்கியைக் கேட்டபோது அவன் மழையைப் பற்றிப் பேசியதை அவர் மறக்கவில்லை. அந்தக் கணக்கப்பிள்ளைதான் நான் அறிந்த முதல் அரசியல்வாதி.

நம் நாடாளுமன்றத்தைப் பாருங்கள். செவ்வாய்க்கிழமை காலை அவை கூடியதும் எதிர்க்கட்சித் தலைவருக்கு ஓர் உரிமை உண்டு. அன்று காலையில்தான் அறிவிப்புக் கொடுத்து, அன்றே ஒரு கேள்வி கேட்கலாம். பிரைவேட் நோட்டீஸ் கொஸ்டின், சுருக்கமாக பி.என்.கியூ. என்று வானொலியில் கேட்டிருப்பீர்கள். அதற்கு அரை மணி நேரம். நல்ல ஏற்பாடுதான், அதைக் கொண்டுவந்தவர்கள் நல்ல எண்ணத்தோடுதான் கொண்டுவந்திருப்பார்கள். அந்த அரை மணி எப்படிக் கழிகிறது? அமைச்சர் எழுந்து, துறையின் வரலாற்றிலிருந்து தொடங்குவார். முந்தைய ஆட்சியில் என்ன நடந்தது என்று ஐந்து நிமிடம். பிறகு சட்டப்பிரிவு எண்களை வரிசையாக வாசிப்பார். துணைக்கேள்வி வந்தால், "தகவல் திரட்டப்பட்டு வருகிறது, கிடைத்ததும் அவையின் மேசையில் வைக்கப்படும்" என்பார். இங்கே பொய் எதுவும் சொல்லப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். தகவல் உண்மையிலேயே திரட்டப்பட்டு வரலாம். மேசையும் உண்மையிலேயே இருக்கிறது. கேட்டவருக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை.

அமைச்சர் ஒரு நாள் எதிர்க்கட்சி வரிசைக்குப் போனால், அதே மேசையைப் பற்றி அவரே கோபமாகப் பேசுவார். நம் கட்சிகள் கூட்டணி மாறும் வேகத்தில், ஒரே ஆள் பத்து ஆண்டுக்குள் இரண்டு பக்கமும் நின்று, இரண்டு வசனத்தையும் மனப்பாடமாகச் சொல்லிவிடுகிறார். ஆகையால் இன்று நான் எந்தக் கட்சியையும் தனியாகத் திட்டப் போவதில்லை. திட்டினால் மறுநாளே கூட்டணி மாறி, என் திட்டு இடம் தவறிவிடும்.

சில சமயம் மழுப்பவும் நேரம் இருக்காது. 2024 அக்டோபரில் தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கையில், அரசியல்வாதிகள், பத்திரிகையாளர்கள், காவல்துறையினர் ஆகியோரின் தொலைபேசி உரையாடல்கள் இணையத்தில் ஒவ்வொன்றாக வெளிவந்தன. வெளியிட்டவரின் புனைபெயர் 'மிசியே முஸ்தாஸ்', அதாவது மீசைக்காரர். இது கடினமான கேள்வி: யார் ஒட்டுக்கேட்டார்கள், யார் சொல்லிக் கேட்டார்கள்? அன்றைய பிரதமரின் பக்கத்திலிருந்து வந்த விடை, செயற்கை நுண்ணறிவால் புனையப்பட்ட குரல்கள் என்பது. அதுவும் போதாமல் போகவே, நவம்பர் 11 வரை சமூக ஊடகங்களையே முடக்கும்படி உத்தரவு வந்தது. வாக்குப்பதிவு நவம்பர் 10! கேட்கிறவனின் வாயைப் பொத்துவது கேள்வியைக் கையாளும் வகையில் சேருமா என்று எனக்குச் சந்தேகம். ஒரே நாளில் உத்தரவைத் திரும்பப் பெற்றார்கள். நேரடி இடங்கள் 62. அவற்றில் ரோட்ரிக்ஸ் தீவின் இரண்டு போக, மீதி 60 இடங்களையும் எதிரணி அள்ளிக்கொண்டு போனது. 1982இலும் 1995இலும் இப்படி நடந்திருக்கிறது. நம் ஊர் வாக்காளர்கள் பொறுமைசாலிகள். பொறுமை முடிந்தால் மிச்சம் வைப்பதில்லை.

ஆனால் முரட்டுத்தனம் எளிதில் தோற்றுவிடுகிறது. நாற்பது ஆண்டு தாங்கும் வித்தை குழு அமைப்பது. அதற்கு நம் நாட்டில் ஒரு காவியமே இருக்கிறது.

வேட்புமனுத் தாளைப் பார்த்திருக்கிறீர்களா? அதில் வேட்பாளர் தாம் எந்தச் சமூகத்தவர் என்று எழுத வேண்டும். அரசியலமைப்பின் முதல் அட்டவணை நான்கு சமூகங்களைச் சொல்கிறது: இந்து, முஸ்லிம், சீன மொரிசியர், இந்த மூன்றிலும் சேராதவர் எல்லாரும் பொது மக்கள் பிரிவு. எதை வைத்துச் சேர்ப்பது? 'வாழ்க்கை முறையை' வைத்து. சட்டம் எழுதியவருக்கு அந்தச் சொல் எப்படித் தோன்றியதோ! காலையில் கோவிலுக்குப் போய், மத்தியானம் சீனக் கடையில் நூடுல்ஸ் சாப்பிட்டு, மாலையில் கிரியோல் சேகா தாளத்துக்கு ஆடுகிறவனின் வாழ்க்கை முறை என்ன என்று கேட்டால், தேர்தல் அதிகாரி விடுப்பில் போய்விடுவார். தமிழர்களாகிய நாம் இந்த நான்கில் தனியாக இல்லை. இந்து என்ற பெட்டிக்குள் இருக்கிறோம். அது சரியா என்று நம்மவர்களிலேயே இரண்டு கட்சி உண்டு. அந்தச் சண்டையை இன்று இங்கே தொடங்கினால் பிரசாதம் ஆறிவிடும்.

இந்த அறிவிப்பு எதற்கு? தேர்தலில் போதிய இடம் கிடைக்காமல் போன சமூகங்களுக்குத் தோற்றவர்களிலிருந்து எட்டு இடம் வரை ஒதுக்கத்தான். 'பெஸ்ட் லூசர்' முறை என்கிறோம். விடுதலைக்கு முன், 1967 தேர்தலின்போது, சிறுபான்மையினரின் அச்சத்தைத் தணிக்க வந்த ஏற்பாடு அது. அன்று அந்த அச்சம் உண்மையானது. வாக்களித்தவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் விடுதலையைக் கோரிய கூட்டணிக்கு எதிராக வாக்களித்தார்கள். ஆகவே இந்த முறையைக் கேலி செய்ய நான் வரவில்லை. எண்ணிக்கையைத்தான் பார்க்கச் சொல்கிறேன். எந்தச் சமூகத்துக்கு எத்தனை பேர் என்ற கணக்கு 1972 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலிருந்து எடுக்கப்படுகிறது. அதற்குப் பின் சமூகத்தைக் கேட்டுக் கணக்கெடுக்கவில்லை. இங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர்களே, நீங்கள் அந்தக் கணக்கில் இல்லை. உங்களில் சிலருடைய அம்மாவும் இல்லை. செத்துப்போன என் பாட்டி இருக்கிறார்.

இது கூடாது என்று சிலர் நேரடியாகக் கேட்டார்கள். 2005 தேர்தலில் ரெசிஸ்தான்ஸ் எக் அல்தெர்நாதிவ் என்ற இடதுசாரி அமைப்பினர் மனுவில் சமூகத்தை எழுத மறுத்தார்கள். மனுக்கள் தள்ளப்பட்டன. வழக்கு உள்ளூர் நீதிமன்றம், நம் இறுதி மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் என்று சுற்றி, ஐ.நா. மனித உரிமைக் குழு வரை போனது. புதிய கணக்கு எதுவும் இல்லாமல் ஒருவரைச் சமூகத்தை எழுதக் கட்டாயப்படுத்துவது உரிமை மீறல் என்று அந்தக் குழு 2012இல் சொன்னது. நம் அரசு என்ன செய்தது? 2014இல் ஒரு தற்காலிகத் திருத்தம்: அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும் விரும்பாதவர் எழுத வேண்டாம். அடுத்த தேர்தலில், 2019இல், பழையபடி எழுதச் சொன்னார்கள். வலிக்கிற பல்லுக்கு அன்று இரவு மட்டும் கிராம்பு வைப்பது போல.

இந்தத் தேர்தல் முறையைச் சீர்திருத்தக் குழுக்களுக்குக் குறைவா? தென்னாப்பிரிக்க நீதிபதி ஆல்பி சாக்ஸ் தலைமையில் ஒரு ஆணையம். அறிக்கை 2002இல் வந்தது. பிரெஞ்சு அரசியல் சட்ட அறிஞர் கார்கசோன் குழுவின் அறிக்கை 2011இல். முன்னாள் நிதியமைச்சர் ராமா சித்தனேன் அறிக்கை 2012இல். அரசின் கலந்தாய்வு அறிக்கை 2014இல். 2018 டிசம்பரில் திருத்த மசோதாவே வந்தது; முக்கால் பங்கு ஆதரவு கிடைக்காமல் நிறைவேறவில்லை. இந்த அறிக்கைகளில் சிலவற்றை நான் வாசித்திருக்கிறேன். நல்ல அறிவாளிகள் உழைத்து எழுதியவை. அதனால்தான் அவை இவ்வளவு பயன்பட்டன. மடத்தனமான அறிக்கையை அலமாரியில் வைத்தால் கேலி செய்வார்கள். நல்ல அறிக்கையை வைத்தால், "ஆய்வில் இருக்கிறது" என்று மரியாதையாகச் சொல்லலாம். அந்தந்தக் காலத்தில் பழைய முறையால் ஆதாயம் பெற்றவர்களே அறிக்கையைப் பெற்றுக்கொண்டார்கள். 2019இல் வாக்குகளில் 38 சதவீதத்தைத் தொடாத கூட்டணி 62இல் 38 இடம் பிடித்தது. அந்தக் கூட்டணியிடம் போய், வாக்குக்கு ஏற்ப இடம் தரும் விகிதாசார முறையைப் பற்றிக் கேட்டால் அது எந்த வழியைக் காட்டும்?

இப்போது ஒரு பழைய கதை. பெரியவர்களுக்கு நினைவிருக்கும். 1998இன் இறுதியில் மத்திய வங்கி புதிய ரூபாய்த் தாள்களை வெளியிட்டது. அதுவரை ஆங்கிலம், தமிழ், இந்தி என்று இருந்த எழுத்து வரிசையில் இந்தி முன்னே வந்து, தமிழ் பின்னே போயிருந்தது. நாம் கொதித்தோம். நானும் ஊர்வலத்தில் நடந்தேன். பிரெஞ்சு ஆளுநர் லபூர்தொனே காலத்தில், 1730களில், புதுச்சேரியிலிருந்து கொத்தனாராகவும் தச்சனாகவும் வந்து இந்தப் போர்ட் லூயியைக் கட்டியவர்கள் நாம். ஒப்பந்தக் கூலிகள் வருவதற்கு நூறு ஆண்டு முன்னே வந்தவர்கள் என்று முழங்கினோம். என்ன நடந்தது? குழு இல்லை, ஆணையம் இல்லை, தகவல் திரட்டவும் இல்லை. தாள்களைத் திரும்பப் பெற்றார்கள். வங்கியின் ஆளுநரும் பதவியை விட்டுப் போனார். 1999இல் பழைய வரிசையோடு புதிய தாள்கள் வந்தன.

அன்று நான் வெற்றி என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். இன்று யோசித்தால் சற்றுக் கூச்சமாக இருக்கிறது. நம் கேள்விக்கு ஏன் அவ்வளவு விரைவில் விடை கிடைத்தது? அச்சுக்கூலியைத் தவிர அரசுக்கு அதில் நட்டம் எதுவுமில்லை. எந்த அமைச்சரின் நாற்காலியும் ஆடவில்லை, யாருடைய தொகுதியும் போகவில்லை. ஒரு வரியை மேலே ஏற்றினால் ஒரு சமூகம் முழுவதும் மகிழ்கிறது. மானத்தைப் பற்றிக் கேட்டால் உடனே தருகிறார்கள். இடங்களைப் பற்றிக் கேட்டால் அறிக்கை தருகிறார்கள். எதைக் கேட்டால் நாம் திருப்தியாக வீடு திரும்புவோம் என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

இது கட்சிகளோடு நிற்பதும் இல்லை. வல்லரசுகளைப் பாருங்கள். 1965இல், விடுதலைப் பேச்சு நடக்கையில், சாகோஸ் தீவுகளை நம்மிடமிருந்து பிரித்தது பிரிட்டன். விலை 30 லட்சம் பவுண்டு. அங்கே தலைமுறைகளாக வாழ்ந்தவர்கள் யார் என்ற கேள்வி எழுமே? எழாமல் செய்தார்கள். குடிமக்கள் இல்லை, ஒப்பந்தத் தொழிலாளர்கள்தாம் என்று எழுதிக்கொண்டார்கள். கடற்பறவைகளைத் தவிரப் பூர்வகுடிகள் யாரும் இருக்க மாட்டார்கள் என்று 1966இல் லண்டன் அதிகாரி ஒருவர் குறிப்பே எழுதினார். 1973க்குள் எல்லாரையும் கப்பலேற்றி முடித்தார்கள். போர்ட் லூயியின் ரோஷ் புவாவிலும் கசீசிலும் அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று போர்ட் லூயிக்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2000இல் லண்டன் உயர் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நான்கு ஆண்டு கழித்து, நாடாளுமன்றத்தில் விவாதமே இல்லாமல், அரசியின் பெயரால் ஓர் ஆணையிட்டு அதைச் செல்லாததாக்கினார்கள்.

நம் பக்கமும் சுத்தமில்லை. லண்டனில் நம் தலைவர்கள் எதற்குத் தலையாட்டினார்கள் என்பதை விசாரிக்க நாடாளுமன்றத் தெரிவுக்குழு 1982இல்தான் வந்தது. மறு ஆண்டு வந்த அதன் அறிக்கை, அந்தப் பேரத்தில் மிரட்டலின் சாயல் இருந்தது என்றது. விடுதலை வேண்டுமா, தீவு வேண்டுமா என்று கேட்கப்பட்டவர்களின் இக்கட்டை நான் எளிதாக எடைபோட மாட்டேன். ஆனால் பதினேழு ஆண்டு அந்தக் கேள்வி கிணற்றில் கிடந்தது. 2025 மே 22இல் தீவுகளை நமக்குத் திருப்பித் தரும் ஒப்பந்தம் கையெழுத்தானபோது, அவற்றில் ராணுவத் தளமுள்ள தியேகோ கார்சியாவைப் பிரிட்டன் 99 ஆண்டுக்குக் குத்தகையாக வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. எங்களைக் கேட்டீர்களா என்று சாகோஸ்காரர்களில் பலர் மீண்டும் கேட்டார்கள். இரண்டு அரசுகளும் ஒன்றையொன்று பாராட்டிக்கொண்டிருந்தன.

இவ்வளவு பேசிவிட்டு நம் வீட்டைப் பேசாமல் போனால் நியாயமில்லை. பல ஆண்டுக்கு முன் ஒரு கோவில் சங்கத்துக்கு நான் பொருளாளர். ஆண்டுக் கூட்டத்தில் ஓர் அம்மாள் எழுந்து, "தைப்பூசக் காவடிக்குப் பந்தல் போட்ட செலவு போன வருஷத்தைவிட ஏன் இரண்டு மடங்கு?" என்றார். விடை எனக்குத் தெரியும். மூன்று இடத்தில் விலை கேட்காமல், தலைவரின் மச்சானுக்கே கொடுத்திருந்தோம். நான் எழுந்து முருகன் அருளைப் பற்றிப் பேசினேன்! பக்தர்கள் கூட்டம் எவ்வளவு பெருகிவிட்டது, வெயில் எப்படி அடித்தது என்று பேசினேன். கை தட்டினார்கள். அந்த அம்மாள் தட்டவில்லை. கூட்டம் முடிந்து காலணி போடுகையில் என்னிடம் வந்து, "வாத்தியாரே, நன்றாகப் பேசினீர்கள்" என்று மட்டும் சொன்னார். அடுத்த ஆண்டு கூட்டத்துக்கு அவர் வரவில்லை. அவர் கேட்டதும் பட்டுக்கோட்டைக்கு வழிதான்.

அந்த ரூபாய்த் தாள் ஊர்வலத்தின்போதும் இதே அம்மாள் ஒன்று கேட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். "அந்த வரியை மேலே ஏற்றினால் சரி. நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதை வாசிக்கத் தெரியும்?" அதற்கும் யாரும் பதில் சொல்லவில்லையாம். முழக்கம் பலமாக இருந்ததால் காதில் விழவில்லை என்று சமாதானம் சொல்கிறார்கள்.

தலைவர் எனக்கு ஒரு துண்டுச் சீட்டு அனுப்பியிருக்கிறார். நேரம் ஆகிவிட்டது, கேள்விகளை எழுதிக் கொடுத்தால் பிறகு பதில் அனுப்புவோம் என்று அறிவிக்கச் சொல்கிறார். மன்னிக்க வேண்டும் தலைவரே. மண்டபத்தைப் பூட்டும் வரை நான் இங்கேயே இருக்கிறேன்.

முதல் கேள்வி என்ன என்று எனக்கே தெரியும், ஆகவே நானே கேட்டுக்கொள்கிறேன்: தமிழ் வாத்தியாரின் பேரப்பிள்ளைகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா? மூத்தவளுக்குத் தெரியும். இளையவனுக்குத் தெரியாது, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அடுத்த கேள்வி?