ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்

வணக்கம் நேயர்களே. ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும் இருக்க வேண்டும், ஆன் செய்யும்போது எது வேண்டுமோ அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும், இதைத்தான் டூயல் பூட் என்கிறோம். லினக்ஸை நிறுவுவதுதான் கஷ்டம் என்று பலர் பயப்படுகிறார்கள். உண்மையில் அது எளிதாக முடிந்துவிடும். அதற்கு முன் விண்டோஸுக்குள் செய்ய வேண்டியதைச் செய்யாமல் விட்டால்தான் தலைவலி.

முதலில் முக்கியமான கோப்புகளை எல்லாம் வெளியே ஒரு டிஸ்க்கில் நகலெடுங்கள், ஒன்றிரண்டைத் திறந்தும் பாருங்கள். அடுத்து பிட்லாக்கர், அதாவது டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் விண்டோஸ் வசதி. புது மடிக்கணினிகள் பலவற்றில் நாம் கேட்காமலே இந்தப் பூட்டு போடப்பட்டிருக்கும். பூட் அமைப்பில் கை வைத்தால், அடுத்த முறை விண்டோஸ் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்டு நிற்கக்கூடும், அது கையில் இல்லாவிட்டால் உள்ளே இருக்கிற எதையும் எடுக்க முடியாது. தயவுசெய்து அந்த எண்ணைக் காகிதத்தில் எழுதி வைத்துவிட்டு மற்ற வேலையைத் தொடங்குங்கள்.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையும் அணைத்துவிடுங்கள். அது ஆனில் இருந்தால் ஷட்டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக மூடுவதில்லை, தன் மையப் பகுதியான கெர்னலின் நிலையை டிஸ்க்கில் சேமித்துவிட்டு அரைத்தூக்கத்தில் கிடக்கிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் அதே பகுதியில் எழுதினால் கோப்புகள் சிதையலாம் என்பதால்தான், பல சமயம் லினக்ஸில் விண்டோஸ் டிரைவ் படிக்க மட்டும் திறக்கிறது.

சரி, இப்போது இடம். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே சி டிரைவைச் சுருக்கி, கிடைத்த இடத்தை ஃபார்மேட் செய்யாமல் காலியாக விடுங்கள். லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவுக்கு 25 ஜிபி போதும் என்பார்கள், நான் 50 தரச் சொல்வேன். அப்புறம் லினக்ஸ் நிறுவியை ஏற்றிய பென்டிரைவிலிருந்து பூட் செய்து, நிறுவும்போது விண்டோஸுடன் சேர்த்து நிறுவும் தேர்வை எடுங்கள். அதன் பக்கத்திலேயே டிஸ்க்கை முழுதும் அழிக்கும் தேர்வும் இருக்கும், அங்கே மட்டும் அவசரப்படாதீர்கள். இஎஃப்ஐ பகுதியையும் ஃபார்மேட் செய்யக் கூடாது, விண்டோஸின் பூட் கோப்புகள் அதில்தான் இருக்கின்றன.

எல்லாம் முடிந்தபின் விண்டோஸில் நேரம் தப்பாகக் காட்டலாம். மதர்போர்டு கடிகாரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமான யுடிசியாகவும் எடுத்துக்கொள்வதுதான் காரணம், கடிகாரத்தின் பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்து அதை மாற்ற வேண்டாம். இரண்டில் ஒன்றை மற்றதன் வழக்கத்துக்கு மாற்றினால் சரியாகிவிடும்.