கரண்டுக் கம்பியை அழித்தேன், போட்டியிலிருந்து என்னை அழித்துவிட்டார்கள்!

வணக்கம் மக்களே. இன்றைக்குத் தொடக்கப் பாட்டு எதுவும் கிடையாது, நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து வயிறு எரிந்துகொண்டே இருக்கிறது. பிப்ரவரியில் போட்ட கூந்தன்குளம் பறவைகள் சரணாலய வீடியோ பார்த்தவர்களுக்கு அந்த நாரைப் படம் ஞாபகம் இருக்கும். வாயில் குச்சியோடு கூட்டில் இறங்குகிற மஞ்சள்மூக்கு நாரை, இறக்கை முழுசாக விரிந்து, வால் பக்கத்து ரோஸ் நிறம் காலை வெயிலில் தகதகவென்று... அதற்காக விடியுமுன்னே எழுந்து, அத்தையை ஸ்கூட்டியில் பின்னால் உட்காரவைத்து, மூலைக்கரைப்பட்டி வழியாகக் குளிரில் நடுங்கிக்கொண்டே போனேன். அந்தப் படத்தை எங்கள் போட்டோகிராஃபி கிளப்பின் ஆண்டுப் போட்டியில் இயற்கைப் பிரிவிலிருந்து தூக்கிவிட்டார்கள். மார்க் குறைவு என்றால்கூடப் பரவாயில்லை, தகுதி நீக்கமாம்!

காரணம் ஒரு கரண்டுக் கம்பி. மரத்துக்குப் பின்னால் குறுக்கே ஓடியது, கண்ணை உறுத்தியது, லைட்ரூம் என்கிற எடிட்டிங் சாஃப்ட்வேரில் அழித்துவிட்டேன், இரண்டு நிமிஷ வேலை. நடுவர்களில் ஒருத்தர், “ஏம்மா, ரா ஃபைல் வச்சிருக்கியா?” என்று கேட்டார். நானும் வீராப்பாகப் பென்டிரைவை நீட்டினேன். ரா ஃபைல் என்றால் கேமரா பதிந்த அசல், திறந்தால் கம்பி ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

இயற்கைப் பிரிவுக்கு எங்கள் கிளப் பின்பற்றுவது ஃபியாப் என்கிற சர்வதேசப் புகைப்படக் கலைக் கூட்டமைப்பின் விதி. படத்தில் இருப்பதை எடுக்கக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது. ஓரத்தை வெட்டலாம், சென்சாரில் விழுந்த தூசியைத் துடைக்கலாம், கறுப்பு வெள்ளையாகக்கூட மாற்றலாம், ஆனால் கம்பியைத் தொடக் கூடாது. சரி, அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன். செயலாளர் அண்ணாச்சி வாட்ஸ்அப்பில் அனுப்பிய பிடிஎஃப்பை நான் திறக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து ஆற அமரப் படித்தபோதுதான் உண்மையில் வயிறு எரிந்தது. மனுஷன் செய்த பொருள் எதுவும் படத்தில் வரக் கூடாது என்று சொல்லிவிட்டு, அதே விதி ஒரு விலக்கும் கொடுக்கிறது. மனுஷர் மாற்றிய இடத்தில் பழகி வாழ்கிற பறவை என்றால், அந்தப் பொருள் கதையின் பாகமாக இருக்கலாமாம். அதற்கு உதாரணமாக எதைச் சொல்கிறார்கள் தெரியுமா? நாரையை!

கூந்தன்குளத்தைப் பார்த்தே எழுதின மாதிரி இல்லையா? அங்கே நாரைகள் ஊருக்குள்ளேயே, வீட்டு முற்றத்து மரத்தில் கூடு கட்டும். பறவை மிரளுமே என்று தீபாவளிக்குக்கூட வெடி போடாத ஊர். 1994-ல் சரணாலயம் ஆனது, 2022-ல் ராம்சர் என்கிற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது, ஆனால் ஊர்க்காரர்கள் அதற்கெல்லாம் முன்னாலிருந்தே அந்தப் பறவைகளைப் பார்த்துக்கொள்கிறார்கள். அப்படிப்பட்ட ஊரில் கரண்டுக் கம்பி வராமல் என்ன வரும்? விட்டிருந்தால் படம் உள்ளே நின்றிருக்கும். நடுவரும் கிளம்பும்போது, “கம்பியோட இருந்தா நான் மார்க் போட்டிருப்பேன்மா” என்று சொல்லிவிட்டுப் போனார். அதைச் சொல்லாமலே போயிருக்கலாம்.

ஐயோ, ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. இந்த இயற்கைப் பிரிவு டிஜிட்டல், திரையில்தான் காட்டுவார்கள், அகலம் 1920, உயரம் 1080 பிக்சலுக்குள் அனுப்ப வேண்டும். என் படமோ நெட்டுக்குத்தாக எடுத்தது. அகலவாட்டில் எடுத்தவர்கள் படமெல்லாம் திரை முழுக்க நிற்கிறது, என் நாரை நடுவில் தீப்பெட்டிப் படம் மாதிரி. இந்த விதியை யார் போட்டார்களோ, அவர்கள் வாழ்க்கையில் பனைமரத்தைப் படம் எடுத்ததே இல்லை.

சரி, நல்ல சேதிக்கு வருகிறேன். கறுப்பு வெள்ளைப் பிரிவில் எனக்கு மூன்றாம் பரிசு! பத்தமடையில் பாய் நெய்கிற அம்மாவின் கைகள், முகமே கிடையாது, ஜன்னல் வெளிச்சம், ஐம்பது எம்எம் லென்ஸ். கோரையைத் தாமிரபரணித் தண்ணீரில் ஊறப்போட்டு, காயவைத்து, நூல் மாதிரி கிழித்து நெய்வார்கள், பட்டுப் பாயைத் துணி மாதிரி மடித்துவிடலாம். அந்தக் கோரை இழையும் கை ரேகையும் ஒரே கனத்தில் தெரிய வேண்டும், அதற்காக அரைநாள் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மா எனக்கு இரண்டு தடவை டீ கொடுத்தார்.

இந்தப் பிரிவுக்குப் பிரிண்ட் போட்டுக் கொடுக்கணும், அதை ஒட்டுகிற அட்டையான மவுண்ட் போர்டு கதை இதில்தான். பன்னிரண்டுக்குப் பதினெட்டு இன்ச் பிரிண்ட் 120 ரூபாய். அதை ஒட்டக் கறுப்பு மவுண்ட் 260 ரூபாய்! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். அட்டை முழுசாகத்தான் தருவேன், வெட்டித் தரமாட்டேன் என்றார் கடைக்காரர். மிச்ச அட்டையாவது கொடுங்கள் என்றால் அதற்கும் ஒரு முறைப்பு. பரிசு 500 ரூபாய். அதில் 380 போச்சு, நுழைவுக் கட்டணம் 100 போச்சு, மிச்சம் 20 ரூபாய். நாரைக்குக் கட்டின 100-ஐயும் சேர்த்தால் 80 ரூபாய் நஷ்டத்தில் பரிசு வாங்கிய ஆள் நான்தான்.

வண்ணப் பிரிவில் முதல் பரிசு ஆனித் தேரோட்டப் படத்துக்கு, வடத்தைப் பிடித்த கைகள் மட்டும். பொறாமையாகத்தான் இருந்தது, ஆனால் நல்ல படம். மற்றபடி வழக்கம்போல அருவித் தண்ணீரைப் பஞ்சு மாதிரி ஆக்கின படங்கள் வரிசையாக வந்தன. எனக்கு அது ஆகவே ஆகாது, உங்களுக்குத்தான் தெரியுமே. அப்புறம் கூலி கொடுத்து உட்காரவைத்த பாட்டியின் சுருக்கம். கையில் மண்பானை, பின்னால் புகை. போன மாதம் ‘பாலம்’ என்று தலைப்பு கொடுத்தபோதும் இதே கதைதான். வந்ததில் பாதிக்கு மேல் 1843-ல் கட்டிய சுலோசன முதலியார் பாலம், எல்லாரும் ஒரே படிக்கட்டில் நின்று எடுத்தது. நானும் அங்கேதான் நின்றேன், அது வேறு விஷயம்.

ஆனாலும் மாதக் கடைசியில் எல்லாரும் உட்கார்ந்து படங்களைப் பிரித்து மேய்கிற கூட்டம் இருக்கிறதே, அதற்காகவே நான் இந்த கிளப்பை விடமாட்டேன். அங்கே யாரும் ‘சூப்பர்’ என்று சொல்ல மாட்டார்கள். என் நாரையைக் கண்டிப்பாக அங்கே கொண்டுபோவேன், கம்பியோடு.

வருகிற ஞாயிறு மறுபடி கூந்தன்குளம் போகிறேன், குஞ்சுகள் இப்போது கூட்டில்தான் இருக்கும். அத்தை வரமாட்டேன் என்றுவிட்டார், முதுகு வலியாம். அதே மரம், அதே கம்பி, இந்தத் தடவை அகலவாட்டில். அதற்குள் மின்வாரியத்துக்காரர்கள் அந்தக் கம்பியை மாற்றிவிடாமல் இருக்கணும்.