நீலப் பம்பு எத்தனை நாளில் தீர்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

மன்னார்குடியில் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 31 ஆண்டுகளாக மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை, மருந்தாளுநர். ஆஸ்துமா பற்றிப் பேச அழைத்தபோது, நுரையீரல் டாக்டர் யாரையாவது கூப்பிடுங்கள் என்றுதான் முதலில் சொன்னேன். "டாக்டரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வார்களே, அதைச் சொல்லுங்கள்" என்றார் நிகழ்ச்சி அமைப்பாளர். அப்படியானால் என்னிடம் சரக்கு இருக்கிறது. ஒரு கடன் நோட்டும் இருக்கிறது. அந்த நோட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

தனியார் பேருந்து ஒன்றில் நடத்துநர், நாற்பது வயதுக்குள் இருப்பார். எந்த மருந்து வாங்கினாலும் நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு, சம்பளம் வந்ததும் கொடுத்துவிடுவார். ஓர் ஆண்டுக் கணக்கை முடிக்கும்போது அவருடைய பக்கத்தைக் கூட்டினேன். நீல நிற இன்ஹேலர், ஊரில் நீலப் பம்பு என்பார்கள், ஒன்பது வாங்கியிருந்தார். ஒரு பம்பில் 200 தடவை அடிக்கலாம். ஒன்பது பம்பு என்றால் 1,800 தடவை. நாளொன்றுக்குச் சுமார் ஐந்து தடவை. ஆள் நன்றாகத்தான் இருந்தார். படியில் தொற்றிக்கொண்டு விசில் ஊதினார், சில்லறைக்குச் சண்டை போட்டார். ஆனால் நோட்டு வேறு கதை சொன்னது.

ஆண்டுக்கு மூன்று நீலப் பம்போ அதற்கு மேலோ தீர்ந்தால் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை, கடுமையான இழுப்பு வரும் ஆபத்து கூடுகிறது என்று பொருள். மாதம் ஒன்று தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இதை நானாகச் சொல்லவில்லை. உலகம் முழுவதும் ஆஸ்துமா சிகிச்சைக்கு வழிகாட்டும் ஜினா அமைப்பு சொல்கிறது. நடத்துநர் மாதம் ஒன்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொன்றையும் எடுத்துக் கொடுத்தது இந்தக் கைதான். டாக்டர் சீட்டு எங்கே என்றுகூட நான் கேட்டதில்லை.

அந்த நீலப் பம்பு என்ன செய்கிறது என்பதைக் கொஞ்சம் பார்ப்போம்.

நம் மூச்சுக்குழாய் கிளை கிளையாகப் பிரிந்து நுரையீரலுக்குள் போகிறது. ஆஸ்துமா உள்ளவருக்கு அந்தக் குழாயின் உட்சுவர், இழுப்பு இல்லாத நாளிலும், கொஞ்சம் வீங்கிச் சிவந்தே இருக்கிறது. தூசி, புகை, சளிக்காய்ச்சல், பனி என்று ஏதாவது ஒன்று சீண்டினால் மூன்று காரியம் நடக்கிறது. குழாயைச் சுற்றியிருக்கும் தசை இறுகுகிறது. உட்சுவர் மேலும் வீங்குகிறது. கெட்டிச் சளி சுரந்து மிச்சமிருக்கும் வழியையும் அடைக்கிறது. 'இழுப்பு' என்று நாம் பெயர் வைத்திருந்தாலும், காற்றை இழுப்பதைவிட வெளியே விடுவதுதான் பெரும்பாடு. அப்போது வரும் விசில் சத்தத்தைத்தான் இப்போது எல்லோரும் வீசிங் என்கிறார்கள்.

நீலப் பம்பில் இருக்கும் சால்பியூட்டமால் இறுகிய தசையை மட்டும் தளர்த்தும். ஐந்து நிமிடத்தில் மூச்சு விடும். நாலைந்து மணி நேரம் தாங்கும். வீக்கத்தை அது தொடுவதே இல்லை.

நாம் டெல்டாக்காரர்கள், நமக்கு வாய்க்கால் கணக்கில் சொன்னால் புரியும். ஜூன் 12-ஆம் தேதி மேட்டூர் திறக்கிறது என்றால் அதற்கு முன்பே தூர்வாரியிருக்க வேண்டும். தூர்வாராமல் மதகை மட்டும் தூக்கினால் கடைமடைக்குத் தண்ணீர் போகாது. நீலப் பம்பு மதகைத் தூக்குகிறது. தூர்வாருவது இன்னொரு பம்பு, பெரும்பாலும் காவி நிறத்தில் இருக்கும். அதில் இருப்பது ஸ்டீராய்டு மருந்து. வீக்கத்தை அதுதான் வற்றவைக்கும். வாய்க்காலை ஆண்டுக்கொரு தடவை வாரினால் போதும், இதைத் தினமும் வாரவேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சிக்கல் எங்கே என்றால், காவிப் பம்பை அடித்தவுடன் ஒன்றும் தெரியாது. பலன் தெரிய நாட்கள் ஆகும், முழுப் பலனுக்கு வாரங்கள் ஆகும். ஐந்து நிமிடத்தில் மூச்சு விடவைக்கும் நீலத்தை நம்புகிறோம், காவியைச் சந்தேகப்படுகிறோம். பத்து நாள் அடித்துவிட்டு, "இது கேட்கவில்லை, நீலத்தையே கொடுங்கள்" என்று கடைக்கு வருகிறோம். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் மூச்சு சீரானதும், குணமாகிவிட்டது என்று நிறுத்திவிடுகிறோம். இந்த வழக்கம் இருப்பதால்தான், 2019 முதல் நீலத்தை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள் என்று ஜினா சொல்லி வருகிறது. வீக்கத்தை வற்றவைக்கும் மருந்தும் மூச்சை விடவைக்கும் மருந்தும் ஒரே பம்பில் சேர்ந்தே வருகின்றன. அவற்றில் சிலவற்றைத் தினப்படிக்கும் அவசரத்துக்கும் சேர்த்தே டாக்டர்கள் எழுதுகிறார்கள். எது யாருக்கு என்பதை டாக்டர் சொல்லட்டும்.

ஸ்டீராய்டு என்றதும் வீட்டில் பெரியவர்கள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். ஒரு கணக்குச் சொல்கிறேன். சால்பியூட்டமால் மாத்திரை ஒன்றில் 4 மில்லிகிராம் மருந்து இருக்கிறது. பம்பை ஒரு தடவை அடித்தால் வருவது 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரை, நாற்பது தடவை அடிப்பதற்குச் சமம். மாத்திரை வயிற்றுக்குள் போய், இரத்தத்தில் கலந்து, உடம்பெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியில் நுரையீரலுக்கு வருகிறது. பம்பு நேராக அங்கேயே போகிறது. என் அப்பாவுக்கு இழுப்பு இருந்தது. மாத்திரைதான் சாப்பிட்டார். போட்ட அரைமணியில் கை நடுங்கும், காப்பி டம்ளர் டபராவில் மோதி கிணுகிணுவென்று சத்தம் கேட்கும். அது நோயின் நடுக்கம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மருந்தின் நடுக்கம் என்பது படிக்கப் போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது. ஸ்டீராய்டுக்கும் இதே கணக்குத்தான். பம்பில் 200 மைக்ரோகிராம் என்றால் அது ஒரு மில்லிகிராமில் ஐந்தில் ஒரு பங்கு. பம்பு வேண்டாம் என்று பயந்துகொண்டு, பெயர் ஒட்டாத பொட்டலப் பொடியை வாங்கிச் சாப்பிட்டு, மூச்சு சீராகி, முகம் மட்டும் பூரி போல உப்பிப்போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த உப்பலைப் பார்த்தால் பொடியில் ஸ்டீராய்டு இருக்குமோ என்றுதான் சந்தேகம் வரும். எவ்வளவு என்பதுதான் யாருக்கும் தெரியாது.

இன்னொரு பயம், பம்பு பழகிவிட்டால் விடமுடியாது என்பது. பம்பில் அடிமைப்படுத்தும் சரக்கு எதுவும் கிடையாது. கண் மங்கினால் கண்ணாடி போடுகிறோம், கழற்றினால் மறுபடி மங்குகிறது. அதைக் கண்ணாடிக்கு அடிமை என்று யாரும் சொல்வதில்லை.

இதையும் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கும் பெண்ணுக்கு இன்ஹேலர் வாங்க வரும் தாய்மார்கள், அதைச் செய்தித்தாளில் சுற்றித் தரச் சொல்கிறார்கள், சானிட்டரி நாப்கினைச் சுற்றித் தருவது போல. வரன் பார்க்கிற வீடாம். அந்தப் பெண் மூச்சு திணறினாலும் நாலு பேர் முன்னால் பம்பை எடுக்க மாட்டாள். ஒளிந்து அடிக்க ஓர் இடம் தேடுவாள். அந்தத் தேடலுக்குச் சில சமயம் நேரம் இருக்காது.

முதன்முதலில் இப்படியொரு பம்பைக் கேட்டதே ஒரு சிறுமிதான். அமெரிக்காவில் ரைக்கர் என்ற மருந்து நிறுவனத்தின் தலைவர் ஜார்ஜ் மெய்சன். ஆஸ்துமா இருந்த அவருடைய மகள் கண்ணாடிக் கருவியைக் கையால் பிசைந்து பிசைந்து மருந்தை இழுத்துக்கொண்டிருந்தாள். தலைமுடிக்கு அடிக்கும் ஸ்ப்ரே மாதிரி என் மருந்தையும் ஏன் டப்பாவில் அடைக்கக்கூடாது என்று 1955-இல் அவள் அப்பாவிடம் கேட்டாளாம். மறு ஆண்டே பம்பு சந்தைக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போக வசதியாக அவள் கேட்டதை நாம் செய்தித்தாளில் சுற்றுகிறோம்.

சரி, அடிக்கும் விதத்துக்கு வருகிறேன். நான் அதிகம் மல்லாடுவது இதில்தான்.

வடுவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி வருவார். பொடி அடைத்த குப்பியும் அதை உறிஞ்சும் கருவியும் டாக்டர் எழுதியிருந்தார். பார்க்க கேப்சூல் மாத்திரை போலவே இருக்கும். இரண்டு மாதம் கழித்து, "ஒரு குணமும் தெரியவில்லை தம்பி" என்றார். எப்படிப் போடுகிறீர்கள், காட்டுங்கள் பாட்டி என்றேன். குப்பியை நாக்கில் வைத்து, என் மேசையிலிருந்த தண்ணீரை எடுத்து ஒரே மடக்கில் விழுங்கிவிட்டார். மெஷின் எங்கே என்று கேட்டேன். பேத்தி சொப்பு வைத்து விளையாடும்போது அதை உரலாக்கிக்கொண்டாளாம். நான் சிரித்துவிட்டேன். இரவு கடையைச் சாத்தும்போதுதான் உறைத்தது, முதல் நாள் அதைக் கொடுத்தபோது நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுத்திருக்கவில்லை.

அதிலிருந்து ஒரு பழக்கம். யார் இன்ஹேலர் வாங்கினாலும் ஒரு தடவை அடித்துக் காட்டச் சொல்வேன். சிலருக்குக் கோபம் வரும். ஆனால் பத்து ஆண்டுகளாக அடிப்பவர்கூடத் தப்பாக அடிப்பதைப் பார்க்கிறேன். முக்கியமான தப்பு, அடித்த பிறகு இழுப்பது. மருந்து தொண்டையில் மோதி அங்கேயே தங்கிவிடும். வாயிலிருந்து வெள்ளைப் புகை வெளியே வந்தால் அந்தத் தடவை வீண் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூடியைக் கழற்றி, வாய்ப்பகுதிக்குள் ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு நன்றாகக் குலுக்குங்கள். மூச்சை முழுக்க வெளியே விடுங்கள். உதட்டால் இறுகப் பிடித்து, மெல்ல இழுக்கத் தொடங்கும்போதே ஒரு தடவை அழுத்துங்கள். இழுப்பது நிற்கக்கூடாது, பாயசம் உறிஞ்சுவது போல நிதானமாகப் போகவேண்டும். பிறகு பத்து எண்ணும்வரை மூச்சை அடக்குங்கள். இரண்டாவது தடவைக்கு அரை நிமிடமாவது விட்டு மறுபடி குலுக்கவேண்டும். பொடிக் கருவிக்கு இதற்கு நேர்மாறு, அதை வேகமாக, ஆழமாக இழுக்க வேண்டும். இரண்டும் வைத்திருப்பவர்கள் இரண்டையும் மாற்றிச் செய்கிறார்கள்.

கையும் மூச்சும் ஒத்துப்போகவில்லை என்றால் ஸ்பேசர் வாங்கிக்கொள்ளுங்கள். பம்பின் முனையில் மாட்டும் பிளாஸ்டிக் கூடு அது. மருந்து அதில் நிற்கும், நாம் நிதானமாக இழுத்துக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைகளுக்கு முகமூடி வைத்தது கிடைக்கிறது. ஸ்பேசரைச் சோப்புத் தண்ணீரில் முக்கி எடுத்து நிழலில் தானாகக் காயவிடுங்கள். துணியால் துடைத்தால் உள்ளே நிலைமின்சாரம் ஏறி, மருந்தெல்லாம் சுவரில் ஒட்டிக்கொள்ளும். காவிப் பம்பு அடித்தபின் வாயைக் கொப்பளித்துத் துப்புங்கள், இல்லாவிட்டால் நாக்கில் வெள்ளை படியும், குரல் கம்மும்.

பம்பைத் தண்ணீரில் மிதக்கவிட்டு, மருந்து இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது சரியான சோதனை இல்லை. மருந்து தீர்ந்த பிறகும் வெறும் வாயு புகையாக வந்துகொண்டிருக்கும். எண்காட்டி இருக்கும் பம்பாக வாங்குங்கள், இல்லாவிட்டால் திறந்த தேதியைப் பேனாவால் எழுதி வையுங்கள்.

சீண்டும் பொருள்களைப் பற்றி எல்லோரும் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார்கள். போகிப் புகை, தீபாவளிப் பட்டாசு, அறுவடைக்குப் பிறகு வைக்கோல் தூசி, பழைய தலையணை, மிளகாய் தாளிப்பு, மார்கழிப் பனி. கொசுவத்தியை மட்டும் தனியாகச் சொல்கிறேன். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் விடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் விடுவதற்குச் சமம் என்று ஆய்வு செய்து சொல்லியிருக்கிறார்கள். இழுப்பு உள்ள பிள்ளை தூங்கும் கட்டிலுக்கு அடியில் அதைக் கொளுத்தி வைக்கிறோம். வலை கட்டுங்கள். மருந்துக்கடைக்காரன் என்ற முறையில் இன்னொன்று: தலைவலி, மூட்டுவலி என்று மாத்திரை கேட்கும்போது ஆஸ்துமா இருப்பதைச் சொல்லிவிடுங்கள். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் சிலருக்கு இழுப்பைக் கிளப்பிவிடும். இரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கும் புரோப்ரனலால், கண் நீர் அழுத்தத்துக்கு விடும் டிமலால் சொட்டு மருந்து, இரண்டும் அப்படித்தான். கண்ணில் விடும் சொட்டு மூச்சை அடைக்கும் என்று யார் நினைப்பார்கள்?

இழுப்பு முற்றும்போது என்ன செய்வது? நோயாளியைப் படுக்க வைக்காதீர்கள், நிமிர்ந்து உட்கார வையுங்கள். ஸ்பேசர் வழியாக நீலப் பம்பை ஒவ்வொன்றாக நான்கு தடவை கொடுங்கள். நான்கு நிமிடம் பாருங்கள். குறையாவிட்டால் இன்னும் நான்கு. அதற்கும் அசையவில்லை என்றால் 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டி வரும்வரை கொடுத்துக்கொண்டே இருங்கள். ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல மூச்சு போதவில்லை, உதடு நீலம் பாய்கிறது, விலா இடுக்கு உள்ளே குழிகிறது என்றால் இந்தக் கணக்கெல்லாம் பார்க்கவேண்டாம், முதலில் 108. விசில் சத்தம் நின்றும் ஆள் திணறினால், சரியாகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். சத்தம் போடக்கூடக் காற்று போகவில்லை என்று அர்த்தம்.

நடத்துநர் கதையை விட்டுவிட்டேன். அன்று நோட்டை அவர் முன்னால் விரித்து, ஒன்பது வரியையும் விரலால் தொட்டுக் காட்டினேன். பாக்கி கேட்கிறேன் என்று நினைத்து, சம்பளம் வரட்டும் அண்ணே என்றார். பாக்கி இல்லை தம்பி, இதை எண்ணிப் பார் என்றேன். எண்ணினார். அடுத்த நீலத்தை நான் கொடுத்தேன்தான், வெறுங்கையோடு அனுப்பினால் அது வேறு விபரீதம். ஆனால் தஞ்சாவூருக்குப் போய் நெஞ்சு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தால்தான் அதற்கடுத்தது என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். காவிப் பம்புச் சீட்டோடு திரும்பினார். நடுவில் இரண்டு தடவை விட்டுவிட்டார், இரண்டு தடவையும் திட்டினேன்.

போன மாதம் ஒரு நீலப் பம்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். எண்காட்டியில் 140-க்கு மேல் மிச்சம் இருந்தது. "தேதி முடிந்துவிட்டது அண்ணே, மருந்து அப்படியே இருக்கிறது, மாற்றித் தருவீர்களா?" என்றார். விற்ற மருந்து காலாவதியானால் நான் மாற்றித் தருவதில்லை, அது கடை வழக்கம். அன்று மாற்றிக் கொடுத்தேன், நோட்டிலும் எழுதவில்லை.

வணக்கம்.