ரப்பர் டயர் மின்னல்ல இருந்து காப்பாத்துமா? சைக்கிள்காரங்க நம்புற பெரிய பொய்!

(காட்சி: கன்னியக்கோயில் பக்கம் ரோடு. வானம் கறுத்திருக்கு. ஒரே ஒரு சைக்கிள்.)

ரப்பர்ல கரண்ட் பாயாது. சைக்கிள்ல ரெண்டு ரப்பர் டயர். அப்போ மின்னல் அடிச்சாலும் மிதிச்சிட்டே போகலாம், சரியா?

தப்பு. எவ்ளோ பெரிய தப்புன்னு பார்ப்போம்.

வணக்கம் மக்களே! பாண்டியில இருந்து கடலூருக்கு சாயங்காலம் சைக்கிள் மிதிக்கிற ஆளா நீங்க? சித்திரை, வைகாசியில மத்தியானம் வரைக்கும் வெயில் பொளக்கும், நாலு மணிக்கு மேல மேற்கால இருட்டிக்கிட்டு வரும். ஐப்பசின்னா கேக்கவே வேணாம்.

மின்னல் எப்படி உருவாகுது? மேகத்துக்குள்ள ஐஸ் துகள்கள் மோதி சார்ஜ் பிரியுது, அது தரைக்கு இறங்குது. ஸ்கூல்ல படிச்சதுதான், விடுங்க.

டயருக்கு வருவோம். காத்துலயும்தான் கரண்ட் லேசுல பாயாது. அதையே கிலோமீட்டர் கணக்குல கிழிச்சிக்கிட்டு வர்ற மின்னல் இது. கோட்டைச் சுவரை இடிச்சிட்டு வந்தவன் வாசல் கோலத்தைப் பார்த்து நிக்கப் போறானா?

"அப்போ கார் மட்டும் எப்படி காப்பாத்துது?" அங்கேயும் டயர் இல்ல, சுத்தி மூடியிருக்கிற தகரம். மின்னல் வெளிப்பக்கமாவே ஓடித் தரைக்குப் போயிடும். 1836ல மைக்கேல் ஃபாரடே உலோகத் தகடு ஒட்டின ஒரு அறையை வெச்சு இதைக் காட்டினாரு. நம்ம பீச் ரோட்டு பழைய லைட்ஹவுஸ்ல முதல் விளக்கு எரிஞ்சதும் அதே 1836தான்! ரெண்டுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, எனக்குப் பிடிச்சிருக்கு, சொல்லிட்டேன்.

சைக்கிளுக்கு அந்தக் கூடு இல்ல. "இரும்பு மின்னலை இழுக்கும்"னு சொல்றதும் சும்மா. உயரமா, தனியா நிக்கிறது எதுன்னுதான் கணக்கு. ரெண்டு பக்கமும் வயக்காடு, நடுவுல சைக்கிள் மேல நீங்க. புரியுதா?

இப்போ எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. இடி இடிச்சா வீட்டுல ஆயா "அர்ஜுனா, அர்ஜுனா"ன்னு சொல்லும்ல? அதையே மீட்டரா மாத்தலாம். மின்னல் கண்ணுல பட்டதும் நிதானமா ஆரம்பிங்க. அர்...ஜு...னா. ஒரு அர்ஜுனா ஒரு செகண்டு. சத்தம் செகண்டுக்கு சுமார் 340 மீட்டர் ஓடும். அப்போ மூணு அர்ஜுனா ஒரு கிலோமீட்டர்! 30 அர்ஜுனா முடியறதுக்குள்ள இடி கேட்டா, மின்னல் 10 கிலோமீட்டருக்குள்ள இறங்கியிருக்கு. பாண்டி-கடலூர் தூரத்துல கிட்டத்தட்ட பாதி. ரொம்ப தூரம்னு நினைக்காதீங்க, அடுத்தது உங்க பக்கத்துலயே இறங்கலாம். உங்க தலைமேல ஒரு சொட்டு மழை இல்லேன்னாலும் இறங்கும். உங்க வீட்டுல அர்ஜுனாவுக்குப் பதிலா வேற எதாவது சொல்வாங்களா? கமெண்ட்ல போடுங்க, படிக்க ஆசையா இருக்கு.

எண்ணி முடிச்சாச்சா? ஒதுங்குங்க. நல்ல கான்கிரீட் கட்டடம், இல்லேன்னா கண்ணாடி ஏத்தின கார், பஸ். புளியமரத்தடி வேணவே வேணாம். மரத்துல விழுந்தது பக்கத்துல நிக்கிறவங்க மேல தாவும், தரை வழியாவும் பரவும். தனிப் பனைமரமும் அப்படித்தான். திறந்த பஸ் ஸ்டாப், கீத்துக் கொட்டா எல்லாம் மழைக்குத்தான் ஆச்சு. கடைசி இடி கேட்டதுல இருந்து 30 நிமிஷம் கழிச்சுத்தான் கிளம்பணும். என்னைக் கேட்டா, ரெண்டு டீ, ஒரு வாழைக்காய் பஜ்ஜி.

ஈரத்துல பிரேக் சரியா பிடிக்காதுன்னு உங்களுக்கே தெரியும். போன்ல 'தாமினி' ஆப் போட்டுக்கோங்க, புனே வானிலை ஆய்வு நிறுவனத்தோடது, பக்கத்துல மின்னல் இருந்தா காட்டும்.

ஒண்ணே ஒண்ணு பாக்கி. யாரையாவது மின்னல் தாக்கிட்டா, "கரண்ட் அடிக்கும், தொடாதே"ன்னு கூட்டம் வட்டமா நிக்கும். அந்த உடம்புல கரண்ட் மிச்சம் இருக்காது, தைரியமா தொடலாம். ஒருத்தர் 108க்கு அடிங்க. மூச்சு இல்லேன்னா இன்னொருத்தர் நெஞ்சு நடுவுல ரெண்டு கையையும் வெச்சு, நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவை, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் விடாம அழுத்துங்க.