கோணலாகவாவது ஒரு கூடம்
(காரைக்குடி நாடக விழாவில் ஆற்றிய உரை)

அவைத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் திறந்துவிட்ட நிர்வாகப் பெருமக்களே, தேவகோட்டையிலிருந்தும் கானாடுகாத்தானிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருக்கும் தமிழன்பர்களே, முன்வரிசை ஆச்சிமார்களே, சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டை இன்றும் விடிய விடியப் பாடும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களே, வணக்கம். கூத்தைப் பற்றிப் பேராசிரியர் அழகாகப் பேசிவிட்டார். அந்தப் பக்கமே நான் போகவில்லை. மாலை போட்ட மாநகராட்சிப் பெருமக்களுக்கும் நன்றி. அவர்களிடம் ஒரு வேலை இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

உலக நாடக வரலாறு என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். கிரேக்கம், லண்டன், ஜப்பானின் நோ என்ற நாடக வகை, ஜெர்மனியின் நாடகாசிரியர் பிரெக்ட், நான்கையும் சொல்வதாக எண்ணம்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எந்த மேடை ஏறினாலும் இதைச் சொல்கிறேன் என்று நண்பர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

பழைய கிரேக்கத்தின் ஏதென்ஸில் நாடகம் போட அரசு ஒரு வழி வைத்திருந்தது. ஊரில் வசதி படைத்தவர் ஒருவர் பாடற்குழுவின் செலவை ஏற்க வேண்டும். பயிற்சி, உடை எல்லாம் அவர் பொறுப்பு. அவருக்குக் கொரேகோஸ் என்று பெயர். கி.மு. 472இல் நாடகாசிரியர் இஸ்கிலஸின் ‘பாரசீகர்கள்’ அரங்கேறியபோது செலவை ஏற்றவர், பின்னாளில் ஏதென்ஸையே வழிநடத்திய பெரிக்கிளிஸ். அப்போது அவர் இளைஞர். பாடற்குழுப் போட்டியில் வென்ற லைசிக்ரட்டீஸ் என்ற கொரேகோஸ் எழுப்பிய நினைவுச் சின்னம் இன்றும் ஏதென்ஸில் நிற்கிறது. வெளிச்சம் மறையும்படி டியூப் லைட்டில் ‘உபயம்’ எழுதுகிற நம்மவர்கள் அதைப் போய்ப் பார்க்க வேண்டும்.

லண்டனுக்கு வருவோம். 1576இல் ஜேம்ஸ் பர்பேஜ் என்பவர் ஷோர்டிச் பகுதியில் நாடகத்துக்கென்றே ஒரு கொட்டகை கட்டினார். மனை குத்தகை மனை. குத்தகை முடிந்தது, பர்பேஜும் இறந்துபோனார். மனைக்காரர் ஜைல்ஸ் ஆலன், இடமும் எனக்கு, கட்டடமும் எனக்கு என்கிறார். பர்பேஜின் பிள்ளைகள் குத்தகைப் பத்திரத்தைப் புரட்டுகிறார்கள்: கட்டடத்தைக் குத்தகைக்காரர் பிரித்து எடுத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது! 1598 டிசம்பர் 28, கிறிஸ்துமஸ் விடுமுறை. ஆலன் ஊரில் இல்லை. பீட்டர் ஸ்ட்ரீட் என்ற தச்சர் ஆட்களோடு வருகிறார். கையில் கோடரி, கத்தியும் வாளும்கூட இருந்தன என்று ஆலன் பிறகு வழக்குப் போட்டார். ஒவ்வொரு உத்தரமாகக் கழற்றினார்கள். அத்தனை மரமும் தேம்ஸ் ஆற்றுக்கு அக்கரை போய், 1599இல் குளோப் அரங்கமாக எழுந்தது. ஆலன் வழக்கு மேல் வழக்குப் போட்டும் ஜெயிக்கவில்லை. (கைதட்டல்) இருங்கள், வியாபாரம் தெரிந்த நகரத்தார் சமூகத்துக்குப் பிடித்த செய்தி இனிமேல்தான். பர்பேஜ் சகோதரர்களுக்குப் பாதிப் பங்கு, மறு பாதி ஐந்து நடிகர்களுக்கு. அந்த ஐவரில் ஒருவர் ஷேக்ஸ்பியர். பத்தில் ஒரு பங்கு. எழுதியவரே பங்குதாரர்! 1613இல் நாடகத்தில் வெடித்த பீரங்கிப் பொறியில் கூரை எரிந்தது. மறு வருடமே ஓடு வேய்ந்து கட்டிவிட்டார்கள்.

நாமும் நம் செட்டிநாட்டு வீடுகளைப் பிரிக்கிறோம். பழம்பொருள் விற்கும் முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். பர்மாத் தேக்குத் தூணும் நிலையும் விலைச் சீட்டோடு சாத்தி வைக்கப்பட்டிருக்கின்றன. அவை எங்கெங்கோ ஓட்டல்களுக்குப் போகின்றன. ஒரு தூணாவது நாடக மேடைக்குப் போனதாக நான் கேள்விப்படவில்லை.

போன திருவிழாவில் வள்ளி வேடம் போட்ட அம்மா, லாரிக்குப் பின்னால் சேலையை மறைப்பாகக் கட்டிக்கொண்டு, கைப்பேசி வெளிச்சத்தில் அரிதாரம் பூசினார். ஒரு கையில் கண்ணாடி, மறு கையில் மை தீட்டும் குச்சி. கைப்பேசியைப் பிடித்திருந்தவர் நாரதர். பத்து நிமிடத்தில் மேடையேறி, ஆர்மோனியம் எடுத்த சுருதியில் பிசிறில்லாமல் பாடினார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர்களுக்கு ஆடத் தெரியும் ஐயா! கோணலாகவாவது ஒரு கூடம் கொடுத்தோமா? ஏ.வி.எம். படப்பிடிப்புத் தளம் இருந்த ஊர் இது. ‘நாம் இருவர்’ 1947இல் இங்கிருந்துதான் வந்தது. சினிமாவுக்கு இடம் கிடைத்த ஊரில் நாடகத்துக்கு இல்லை.

மாநகராட்சியிடம் நான் சொன்ன வேலை இதுதான்: பூட்டிக் கிடக்கும் ஒரு வீட்டைக் குத்தகைக்கு எடுங்கள். வளவு என்கிற நடுமுற்றத்தில் மேடை, பட்டாலை என்கிற கூடத்தில் சனம், பின்னால் இரண்டாங்கட்டில் ஒப்பனை அறை. புதிதாக ஒரு செங்கல்கூட வேண்டாம்.

தலைவர் மணி அடித்துவிட்டார். நோவும் பிரெக்ட்டும் அடுத்த ஆண்டுக்கு. மனு, வாசலில் சந்தனக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பூட்டிய வீட்டில் பங்கு உள்ளவர்கள் கையெழுத்தோடு பங்காளிகளின் தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணனிடம் நானே பேசிக்கொள்கிறேன்.